அப்பத்தாவின் பட்டாளம்

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, ஒரு கணம் அசையாமல் நிற்பாள். அதற்குப் பிறகுதான் வாளியைத் தூக்குவாள். திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் கரிசல் ஊரில் அவள் வயதுக் கிழவிகள் எல்லாரும் பருத்திக் காட்டில் குனிந்து குனிந்தே கூன் விழுந்து போயிருந்தார்கள். அவள் ஒருத்திதான் பனைமரம் மாதிரி நடப்பாள். "மலாயாக்காரிக்கு முதுகிலே கம்பி வச்சுத் தச்சிருக்கு" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

காரணம் என்னவென்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. வீட்டுக்குள் இருக்கும் கிழவியிடம் யார் போய்ச் சரித்திரம் கேட்கிறார்கள்?

எட்டாம் வகுப்பில் ஒருநாள் நேதாஜி பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். உரலடியில் இருந்த அப்பத்தா தலை நிமிராமலே சொன்னாள்: "அவரை நான் பாத்திருக்கேன்யா. கூப்பிடு தூரத்திலே."

மதுரைக்கு வந்தபோது பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். 1939 செப்டம்பரில் அவர் மதுரைக்கு வந்ததையும், கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்ததையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால், அப்பத்தா பார்த்தது சிங்கப்பூரில். அதுவும் தோளில் துப்பாக்கியோடு.

விஷயம் இதுதான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு 1940-இல் சிங்கப்பூருக்குப் போயிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அக்டோபர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனமாயிற்று. மறுநாளே வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 150 பெண்கள். விடியலில் கொடி வணக்கம், பிறகு அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, மூட்டை சுமந்து நெடுநடை, மாலையில் ஹிந்துஸ்தானி வகுப்பு. கோலாலம்பூரில் செல்வக் குடும்பத்தில் வளர்ந்த ஜானகியும் அந்தப் படையில் இருந்தார். பின்னாளில், 2000-இல், அவர் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால், படையில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளின் பெண்கள். எங்கள் அப்பத்தா அவர்களில் ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது 17.

அதே யுத்தத்துக்காக 1942-இல் மதுரைக்குத் தெற்கே பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஒரு விமானத் தளம் போட்டார்கள். அதுதான் இன்றைய மதுரை விமான நிலையம். எங்கள் சமவெளியிலிருந்து பிழைக்கப்போனவர்களின் பெண் அங்கே ஒரு பக்கம். எங்கள் சமவெளியின் மண் இங்கே எதிர்ப்பக்கம்!

இருபத்து நான்காம் வயதில் நான் அப்பத்தாவை வைத்து ஒரு கதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது, பாராட்டுக் கடிதங்களும் வந்தன. என் கதாநாயகி நேதாஜியின் முழக்கத்தைக் கேட்கிறாள், கண்ணீர் பெருகுகிறது, கைவளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேருகிறாள். திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாருய்யா இந்தப் பொண்ணு?" என்றாள்.

"நீதான் அப்பத்தா!"

அவள் சிரித்தாள். பிறகு மெள்ளச் சொன்னாள். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றுபோயிற்று. அவளுடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் போட்ட அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள், அவரும் திரும்பவில்லை. தாயும் மகளும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். அப்போதுதான் படைக்கு ஆள் சேர்க்கத் தோட்டத்துக்கு வந்தார்கள்.

"சோறு போடுவீகளான்னு கேட்டேன். போடுவோம்னாக. போயிட்டேன். வளையல் எங்கிட்டே ஏதுய்யா?"

"அவ்வளவுதானா?" என்றேன். என் குரலில் ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும்.

"போனது வயித்துக்குத்தான். அங்கே போயி நாலு மாசத்திலே அது மாறிப்போச்சு. கங்காணி ஒருநாளும் எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லே. அங்கே பேரு சொல்லிக் கூப்பிட்டாக. கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தாக. ஆத்தா செத்த சேதி வந்த அன்னைக்கும் வரிசையிலே நின்னேன். யாரும் நிக்கச் சொல்லலே."

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் என் தந்தை அவளுக்குத் தியாகிகள் ஓய்வூதியம் வாங்கித்தர முயன்றுகொண்டிருந்தார். இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அந்த உரிமை உண்டு. முகாமில் உடன் இருந்த ஒருத்தி சிவகங்கைப் பக்கத்தில் இருந்தாள். சாட்சி சொல்லவும் இசைந்திருந்தாள். மனு தயார். கையெழுத்துத்தான் பாக்கி. என் கதையைக் கேட்ட பத்தாம் நாள், பேனாவை வாங்கிய அப்பத்தா அதை மறுபடி கீழே வைத்துவிட்டாள்.

"சோத்துக்குப் போனவளுக்கு எதுக்குய்யா தியாகிப் பணம்? அது நம்ம பேரன் எழுதினானே, அந்தப் பொண்ணுக்குக் குடுக்க வேண்டியது."

என் தந்தை கோபித்தார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. மூன்று வருஷம் கழித்துக் காலமானாள். மனு கையெழுத்தில்லாமல் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு சிங்கப்பூர் போனபோது வாட்டர்லூ தெருவில் நடந்தேன். கிருஷ்ணன் கோயிலும் அருகில் சீனர்களின் குவான் இம் கோயிலும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஜனங்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். பூக்காரியிடம் ஒரு முழம் பூ வாங்கினேன். யாருக்கென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

என் முதல் தொகுதியில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. நல்ல கதை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதைப் படித்திருப்பவர்களுக்கு ஒரு திருத்தம்: அந்தப் பெண் வளையல் எதையும் கழற்றிக் கொடுக்கவில்லை. சோறு போடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். பிறகு, யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றாள்.