ஒரு வரியில் எத்தனை சொல்?

சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பவனுக்கு எழுதுவதை விட, எழுதியதை அடுக்கிப் பார்ப்பதில்தான் கூடுதல் நேரம் போகிறது. என்னுடையது திருகோணமலையைப் பற்றிய சின்னத் தளம். பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்கள், டச்பே கடற்கரை, கோணேசர் கோயில், இந்த ஊரில் பிறந்து 1895இல் ‘மோகனாங்கி’ நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்று மனம் போனபடி எழுதி வைத்திருக்கிறேன். வாசிப்பவர்கள் சொற்பம். அதிலும் ஒரு சௌகரியம் உண்டு: இரவில் பக்க அகலத்தையும் நிறத்தையும் மாற்றிவிட்டுக் காலையில் பழையபடி ஆக்கினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

இந்த விளையாட்டுக்கு வழிவிட்டது சிஎஸ்எஸ். எழுத்து ஒரு கோப்பில், அதன் தோற்றம் இன்னொரு கோப்பில் என்ற அந்த ஏற்பாடு 1996 டிசம்பரில் தரமாக வந்தது. 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஸென் கார்டன்’ அதன் வீச்சைக் காட்டியது. எழுத்து மாறவே மாறாது. ஆளாளுக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பை அனுப்ப, ஒரே பக்கம் நூறு வேடம் போட்டது. 2010இல் ஈதன் மார்க்கோட் திரைக்கு ஏற்ப ஒடுங்கி விரியும் பக்கங்களைப் பற்றி எழுதினார். 2017இல் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் ‘கிரிட்’ முறை முக்கிய உலாவிகளுக்குள் வந்தது. நான் படித்ததெல்லாம் இவற்றிலிருந்துதான். ஆனால் அந்தப் பாடங்களின் மாதிரிப் பத்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழை உள்ளே விட்டதும் பெட்டிகள் பிதுங்கத் தொடங்கின.

முதல் வில்லங்கம் சொல்லின் நீளம். ‘வெளியேறிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று எழுதினால் கைபேசியில் ஒரு வரி ஏறத்தாழ முடிந்துவிடும். பத்திரிகைகளில் போல இரு ஓரத்தையும் நேராக்கிப் பார்த்தேன். நீளச்சொல் அடுத்த வரிக்கு இறங்க, மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு கரையில் போய் நின்றன. உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போனைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, “என்ன தம்பி, வரிக்கு வரி ஓட்டை விழுந்திருக்கு?” என்றார். “நேராக்கினா அப்பிடித்தான் சேர் வருது” என்றேன். “அப்ப ஏன் நேராக்கிறீர்?” என்று ஒரு கேள்விதான் கேட்டார்.

ஈய அச்சுக் காலத்தில் இதற்குக் கைவைத்தியம் இருந்தது. கோப்பவர்கள் சொல்லை வரி முடிவில் ஏதோ ஓர் எழுத்தோடு உடைத்து, இணைகோடுகூடப் போடாமல் மிச்சத்தைக் கீழே தள்ளினார்கள். தமிழ் வாசகர் இடறாமல் வாசித்துப் போனார். அதையே திரையில் செய்ய, எழுத்துகளுக்கு நடுவில் அகலமில்லாத இடைவெளிக் குறியைச் செருகலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது; வரி மட்டும் அங்கே உடையும். ஆனால் பக்கத்தை நகலெடுத்தால் அந்தக் குறியும் கூடவே போகும், தேடும்போது சொல் அகப்படாமலும் போகலாம். ஆகவே இடது ஓரம் நேராக, வலது ஓரம் அதன்பாட்டுக்கு என்று விட்டுவிட்டேன். பக்கம் மூச்சு விட்டது.

அடுத்தது வரிகளுக்கு இடையிலான உயரம். ஆங்கிலத் தலைப்புக்குச் சரியாக இருக்கும் 1.2 மடங்கில் தமிழைப் போட்டால், மேல்வரி ‘ழூ’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் தலையில் இடிக்கிற மாதிரி நெருங்கும். ஒன்றே முக்கால் மடங்கு வரை விட்ட பிறகுதான் கண்ணுக்கு இதம். அடிக்கோடு இழுத்தால் ‘கு’, ‘ரு’ ஆகியவற்றின் கால்களுக்கு உலாவி வழிவிட்டு விட்டுப் போக, கோடு துண்டு துண்டாகிறது. அதைக் கீழே இறக்க வேண்டும். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. கேட்டால் உலாவி நேரெழுத்தையே பிடித்துச் சரித்துக் காட்டும். அதை நிறுத்தி, அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு நிறம் கொடுத்தேன். பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்குவதிலும் ஒரு வேடிக்கை. ‘திருகோணமலை’ என்று தொடங்கினால் ‘தி’ அழகாக நிற்கும். ‘ஸ்ரீலங்கா’ என்று தொடங்கினால் சில உலாவிகள் ‘ஸ்’ஸை மட்டும் பெரிதாக்கி, ‘ரீ’யைக் கைவிட்டுவிடும்.

இவ்வளவையும் மாற்றிப் பார்க்க முடிவதே பெரிய காரியம். ஒருகாலத்தில் இங்கே எல்லாம் பாமினி எழுத்துருவில்தான். வாசிப்பவரின் கணினியில் பாமினி இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். அதற்குப் பயந்து தமிழைப் படமாக்கிப் போட்டவர்கள் பலர். ஒருங்குறி பரவிய பிறகு எழுத்து தப்பியது. முகம் மட்டும் கருவிக்குக் கருவி மாறுகிறது. விண்டோஸில் லதா அல்லது நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் முத்து நெடுமாறன் வடிவமைத்த சங்கம் எம்என். ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒரு போனில் ஒரே வரியில் அடங்கும் தலைப்பு இன்னொன்றில் இரண்டு வரியாகிவிடும்.

இதில் ஊறிய பிறகு, வீதியில் போகும்போது கண் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. மும்மொழிப் பலகைகள் பலவற்றில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரே உயரம், ஒரே அகலம். எங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் ‘பட்டினமும் சூழலும்’. இப்படியொரு பெயரை ‘டவுன் அண்ட் கிராவெட்ஸ்’ அடங்கும் இடத்தில் எழுதச் சொன்னால் தமிழெழுத்து இடுப்பு நெரிந்து ஒல்லியாகத்தான் நிற்கும். எழுதியவரைக் குறைசொல்ல முடியாது. தமிழ் வருவதற்கு முன்பே பலகைக்கு அளவெடுத்தாகிவிட்டது.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருக்களும் இதே வகைதான். வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தமிழ் உட்படப் பல எழுத்து முறைகளுக்கு உலாவிகளில் உள்ள குறைகளைத் தொகுத்து வருகிறது. நல்ல வேலை. ஆனால் தமிழில் ஒரு பக்கத்தை நீட்டியும் ஒடுக்கியும் பார்க்கிற ஆட்கள் இருந்தால்தான் அப்படியொரு தொகுப்பு நிரம்பும். பெரிய நிறுவனத் தளத்தில் அதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். நாலு பேர் வாசிக்கும் சொந்தத் தளத்தில் அந்தத் தடை இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: மாதிரிப் பத்தியை அழித்துவிட்டு, உங்களுடைய ஆக நீளமான தமிழ் வாக்கியத்தை முதலில் போடுங்கள். பெட்டியின் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.