துரை பங்களாவின் மேசை

எவர் அமர்ந்து உண்பது, எவர் நின்று பரிமாறுவது, எவர் கண்ணிற் படாது சமைப்பது என்னும் ஒழுங்கு எச்சமுதாயத்திலும் தற்செயலாக அமைவதன்று. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வொழுங்கு நிலத்தின் அமைப்பிலேயே வரையப்பட்டிருந்தது. மேட்டிலே துரை பங்களா, தாழ்விலே லயன்கள். பங்களாவின் பின்புறத்துக் குசினியில் அப்பு எனப்பட்ட சமையற்காரர். தமிழராயினும் சிங்களவராயினும், அவர் சமைத்த உணவு சென்ற மேசைக்கு அவர் உண்ணச் சென்றதில்லை.

இன்று அம்மாளிகைகளின் கதவுகள் திறந்துள்ளன. நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லத்திலிருந்து வளர்ந்தது. 1876இல் தோன்றிய ஹில் கிளப், வெள்ளைத் துரைமாரின் கூடமாக நெடுங்காலம் விளங்கியது. ஹட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அயலிலும் போகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் உள்ள பழைய பங்களாக்கள் சில 2005ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதிகளாயின. துரையின் நாற்காலியிற் பணமுள்ள எவரும் அமரலாம். பிறப்பு வகுத்த தூரத்தின் இடத்தைப் பணம் வகுத்த தூரம் பிடித்துக்கொண்டது எனலாம்.

இத்தகைய மேசைகளின் பழைய வழக்கத்தில் ஒரு சூப் உண்டு. ஆங்கிலேயர் அதனை ‘முல்லிகட்டோனி’ என்றனர். அது நம் ‘மிளகுத்தண்ணீர்’ என்னும் சொல்லின் திரிபேயாகும். விருந்தின் தொடக்கத்திற் சூப் வேண்டும் என்ற சென்னைத் துரைமாருக்காக, அவர்தம் சமையற்காரர் நம் மிளகு நீரில் இறைச்சியையும் பிறவற்றையும் சேர்த்தனர். அது பேரரசின் மேசைகளெங்கும் பரவியது. அதே தமிழகத்திலிருந்துதான் கோப்பிக்காலத் தொழிலாளரும் வந்தனர். மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். தமிழ்ச் சொல் மேசையில் ஏறியது. அச்சொல்லுக்குரியவர் குசினி வாயிலுக்கு இப்பாலே நிறுத்தப்பட்டனர்.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் பழைய தோட்ட மாளிகைகள் பலவற்றில் விருந்துகள் நடைபெறுகின்றன. அங்கே புகழ்பெற்ற ‘கம்போ’ என்னும் குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறித்த ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாக அறிஞர் கூறுவர். வெண்டையும் தட்டைப்பயறும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றைச் சமைத்த கரங்கள் 1865 வரை அடிமைக் கரங்கள். லூசியானாவின் விட்னி தோட்டம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, மாளிகையின் பெருமையை முன்னிறுத்தாது அடிமைகளின் வாழ்வையே முன்னிறுத்தியது; அவர்தம் பெயர்களைக் கல்லிற் பொறித்தது.

நம் மாளிகைகளில் அத்தகைய நினைவு அரிதாகவே காணப்படுகின்றது. வெள்ளிக் கரண்டியும் கணப்படுப்பும் பேணப்படுகின்றன. அடுப்பு மூட்டியவர் பேணப்படவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த அம்மக்கள், 1973-74இல் மாவும் அரிசியும் அருகியபோது தோட்டங்களிற் பட்டினியால் மடிந்தனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைப் போக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீருமாகக் கொழுந்து மலைக்குச் சென்றவரின் உழைப்பிலேயே பங்களாவின் மேசை நின்றது.

ஆதலின், மாளிகையில் உண்பது குற்றமெனக் கொள்ள வேண்டியதில்லை. சுவை எவருக்கும் பொதுவானது. ஆயின், பழமையை விலைக்கு விற்போர் அதன் ஒரு பாதியை மட்டும் விற்றல் நேர்மையாகாது. மேசையின் வரலாற்றோடு குசினியின் வரலாறும் லயனின் வரலாறும் கூறப்பட வேண்டும். அவ்வுழைப்பின் வழிவந்தோருக்கு உரிய கூலியும் காணியும் வீடும் கிடைக்க வேண்டும். பெயரை மட்டும் நினைவிற் கொண்டு வயிற்றை மறப்பது, மிளகுத்தண்ணீரை ஏற்று அதனை ஆக்கியவரை விலக்கிய பழைய வழக்கத்தின் புதிய வடிவமே ஆகும்.