கழனி நண்டு ரசம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் தறிச்சத்தம் குறைந்துவிடும். ஆரணியில் அப்போது வீட்டுக்கு வீடு குழித்தறிதான். கால் இறங்குகிற ஆழத்துக்குத் தரையில் குழி வெட்டியிருக்கும். விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதியை மிதித்து நெய்ய வேண்டும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் குழியில் தண்ணீர் ஊறும். பட்டு நமத்துப்போய் இழையோடு இழை ஒட்டும். தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அறுப்பு தள்ளிப்போகும் வாரங்களில் மளிகைக் கடையில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வீட்டில் எல்லோருக்கும் சளியும் இருமலும் வருவது அதே வாரங்களில்தான். அப்பாவுக்கு முழங்கால் குடைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

1980களின் தொடக்கம் அது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகவில்லை. நாங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். கையில் காசில்லாத அந்த நாட்களிலும் எங்கள் பாட்டி, ஆயா, அடுப்பை ஏற்றாமல் இருந்ததில்லை. மிளகு, சீரகம், பூண்டு, உப்பு, ஒரு கொட்டைப் புளி. இவ்வளவுதான் கடையிலிருந்து வரும். மிளகைப் பொட்டலத்தோடு ஒரு தகர டப்பாவில் போட்டு, டப்பாவைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். மற்றதெல்லாம் வேலியிலிருந்தும் கழனியிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் வரவேண்டும். கொண்டுவருவது எங்கள் வேலை.

“சும்மா ஓடாத, வேலியப் பாத்துக்கினே போ” என்பாள்.

பார்த்துக்கொண்டே போனால் கிடைத்தது. மழை விழுந்ததும் முடக்கத்தான் வேலிமேல் ஏறிப் படர்ந்துவிடும். பச்சை நிறத்தில் ஊதிய அதன் காய்களை நெற்றியில் அடித்து ‘டப்’பென்று உடைப்பது எங்களுக்கு விளையாட்டு; அப்பாவின் முழங்காலுக்கு அதன் இலை வேண்டும். அந்த இலையில் வைக்கும் ரசம் கசக்கும். மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு, இலையை அதிகம் வேகவிடாமல் இறக்கினால் கசப்பு அடங்கும் என்பது ஆயாவின் கணக்கு. தூதுவளை கள்ளிவேலிக்குள் ஒளிந்து வளரும். ஊதாப் பூவைக் கண்டால்தான் கொடி இருக்குமிடம் தெரியும். தண்டிலும் முள், இலை நரம்பிலும் முள். முள்ளை ஆய்ந்து, இலையை நெய்யில் வதக்கி அரைத்து ரசத்தில் கரைப்பாள். நெஞ்சுச் சளிக்குச் சித்த வைத்தியர்களும் தூதுவளையைச் சொல்வதுண்டு.

முருங்கைக்கு வேலிவரை போகவேண்டியதில்லை, கொல்லையில் நின்றது. கீரையை உருவிப் பொரியலுக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஈர்க்கை அம்மா எறியமாட்டாள். அம்மியில் நசுக்கி, சின்ன வெங்காயமும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் பச்சை வாசத்தோடு ஒரு சாறு இறங்கும். உழவு மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கிற உறவுக்காரர் வீட்டிலிருந்து வடித்த தண்ணீரைச் சொம்பில் வாங்கிவருவோம். கொள்ளு மாட்டுக்கு, தண்ணீர் எங்களுக்கு. தாளித்து, புளி கரைத்துவிட்டால் உடம்பில் சூடு ஏறுகிற ரசம் அது.

என் நாவில் இன்றும் நிற்பது நண்டு ரசம். கடல் நண்டு ஆரணிக்கு அப்போது எட்டாத பொருள். எங்களுடையது கழனி நண்டு. கமண்டல நாகநதி ஆண்டில் பாதி மணலாகக் கிடக்கும். ஜவ்வாது மலைப்பக்கம் மழை பெய்தால் செந்நிறத்தில் வந்துவிடும். அப்போது ஊரைச் சுற்றிக் கழனியெல்லாம் தண்ணீர் நிற்கும். சேவூர்ப் பக்கம் வரப்புகளில் பொந்து பொந்தாக இருக்கும். எந்தப் பொந்தில் கைவிடலாம் என்று பார்க்கத் தெரியவேண்டும். வாயில் சேற்று உருண்டை ஈரமாகக் கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. வாய் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் எலியோ பாம்போ; அந்தப் பக்கமே போகக்கூடாது. நெல் தாளைப் பொந்துக்குள் விட்டு ஆட்டினால் நண்டு கொடுக்கால் பிடிக்கும். பிடி இறுகியதும் மெல்ல இழுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தாள் மட்டும் வரும். கழனிக்காரர்கள் எங்களை விரட்டியதில்லை. வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வடியவிடுகிற நண்டு ஒழிந்தால் அவர்களுக்கு லாபம்தானே.

கொண்டுவந்த நண்டை மண் கக்கும்வரை தண்ணீரில் விட்டுவைப்பாள் ஆயா. பிறகு ஓட்டைப் பிரித்து, உள்ளே இறகு இறகாக இருக்கும் செவுளைக் கிள்ளி எறிவாள். உடம்பையும் காலையும் கல் உரலில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து இடிப்பாள். வெள்ளைத் துணியில் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் கலங்கலாக ஒரு சாறு. அதில் புளித்தண்ணீரும் மஞ்சளும் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்துவிட்டு, “எவனும் கரண்டி போடக்கூடாது” என்று எங்களைப் பார்ப்பாள். சூடேற ஏறச் சாற்றில் கரைந்திருந்த சதை திரண்டு, மெத்தென்று மேலே வந்து மிதக்கும். கலக்கினால் அது உடைந்து கரைந்துவிடும், ரசம் கலங்கிவிடும். திரண்டு நின்றபிறகு கொதியை அடக்கி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு, கொத்தமல்லி கிள்ளி இறக்குவாள். திரண்ட சதையை அகப்பையால் ஒதுக்கி முதலில் அப்பாவுக்கு, அடுத்து இருமல் அதிகமுள்ள பிள்ளைக்கு.

பின்னாளில் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் ஒடியல் கூழ் குடித்தேன். காய்ந்த பனங்கிழங்கு மாவு, நண்டு, மீன், இறால், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் கொதித்துக் கெட்டியாக வந்திருந்தது. அவர்களுக்குப் பனையும் கடலும் பக்கத்தில். எங்களுக்குக் கழனியும் வேலியும். கையெட்டும் தூரத்தில் கிடைத்ததைப் பானையில் சேர்த்து ஒரு வீட்டுக்கே வயிறு நிறையச் செய்த பெண்களின் அறிவு இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

மழை விட்டு, பாவு காய்ந்து, சேலை அறுத்துக் கூலி வாங்கிய அன்று மட்டும் ஆட்டுக்கால். அப்பாவே போய் வாங்கிவருவார். விறகுத் தீயில் வாட்டி, கருகிய மயிரைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி வெட்டுவது வரை அவர் வேலை. இரவு முழுக்கச் சிறுதீயில் மண்சட்டி கிடக்கும். காலையில் மூடியைத் திறந்தால் உதட்டில் ஒட்டுகிற பசையோடு சாறு. அன்று தறியில் உட்காரும்போது அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டுகிற தோரணையே வேறு. கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்க நாடா தள்ள ஓர் ஆள் தேவை. பள்ளி விட்டு வந்ததும் நானும் தம்பியும் மாறி மாறி உட்காருவோம். பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த வழக்கம் நல்லதல்ல. கூலி போதாத பல வீடுகளில் அது நடந்தது.

ஆரணிப் பட்டுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது, ஆரணி அரிசிக்கும் பேர் இருக்கிறது. நெய்கிற குழிகள்தான் குறைந்துவிட்டன. கழனியில் குருணை மருந்து விழத் தொடங்கியபிறகு நண்டும் அரிதாகிவிட்டது. வேலி இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுந்துவிட்டதால் முடக்கத்தானுக்குப் படர இடமில்லை. சென்னையில் காலை நடை போகிறவர்களுக்காகப் பூங்கா வாசலில் முருங்கை சூப்பும் முடக்கத்தான் சூப்பும் விற்கிறார்கள். நான் வாங்கிக் குடிக்கிறேன், நல்லதுதான். ஆனால் பொடியைக் கரைத்தால் ஈர்க்கின் பச்சை வாசம் வராது. கீரைக்கார அம்மாவிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் ஈர்க்கோடும் கொடியோடும் கொண்டுவந்து தருவார், அப்படி வாங்குங்கள்.

தம்பி இன்னும் நெய்கிறான். அப்பாவின் முழங்கால் வலி அவனுக்கும் வந்துவிட்டது. கொல்லிமலைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி அனுப்புகிறேன். ரோமம் போன்ற மேல்தோலைச் சீவி, நறுக்கி இடித்து, மிளகு சீரகத்தோடு அம்மா சூப் வைத்துக் கொடுக்கிறாள். கூடவே குழிக்கு அடியிலும் பக்கத்திலும் சிமெண்ட் பூசச் சொல்லிப் பணமும் அனுப்பியிருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.