கண்ணுக்குப் புலப்படாத களைப்பு

பாரிசவாதம் என்றதும் கோணிய வாயும், தூக்கவியலாத கையும், இழுபடும் காலுமே நினைவுக்கு வருகின்றன. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ, மூளையின் குருதிக்குழாய் வெடிப்பதாலோ நேரும் இந்நோயின் புறத்தோற்றம் அது. எனினும், கையும் காலும் ஓரளவு மீண்ட பின்னரும் எஞ்சி நிற்கும் துன்பம் ஒன்றுண்டு, அதுவே களைப்பு. இந்நோயிலிருந்து மீள்வோருள் ஏறத்தாழப் பாதிப்பேரை அது பற்றுகிறதென ஆய்வுகள் காட்டுகின்றன.

கொழும்பிலே, களனி ஆற்றை அண்டிய கிராண்ட்பாஸ், உடலுழைப்பை நம்பி வாழ்வோர் நிறைந்த பகுதி. மூட்டை சுமப்போரும் முச்சக்கரவண்டி ஓட்டுவோரும் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலே வாழ்கின்றனர். உழைக்கும் ஆற்றலே மனிதனின் மதிப்பாகிவிட்ட சூழலில், பாரிசவாதத்திலிருந்து மீண்ட குடும்பத்தலைவர் ஒருவரின் நிலை இரங்கத்தக்கது. அவர் நடக்கிறார், பேசுகிறார், தம் கையாலேயே உண்கிறார். ஆயின், குளித்து உடைமாற்றிய அளவிலே சோர்ந்து படுத்துவிடுகிறார். ஒற்றை அறைக்குள் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் பேச்சும் ஒருங்கே ஒலிக்கையில் எதையும் பின்தொடர முடியாமல் திணறுகிறார். உறங்கி எழுந்தாலும் அயர்வு தீர்வதில்லை. "வருத்தம் சுகமாகிவிட்டதே, இன்னும் என்ன படுக்கை?" என்கின்றனர் அயலவர். சோம்பேறி என்ற பழி நோயினும் கொடிதாய்ச் சுடுகிறது.

இக்களைப்போடு உளச்சோர்வும் சேர்வதுண்டு. மீள்வோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரை அது தாக்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. களைத்தவருக்கு விருப்பம் உண்டு, வலுவில்லை; உளச்சோர்வுற்றவருக்கோ விருப்பமே அற்றுப்போகிறது. அழுகை, பசியின்மை, தாம் பிறருக்குச் சுமை என்னும் எண்ணம் ஆகியன அதன் அடையாளங்கள். சாவை விழையும் எண்ணம் தோன்றின், தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும்.

இலங்கையிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1984இல் பாரிசவாதத்துக்கு ஆளாகி, நியூயோர்க்கிலே சிகிச்சை பெற்று, 1985இல் தமிழகம் திரும்பினார். 1987இல் மறையும்வரை முதலமைச்சராய் இருந்தும், பேச்சு அவருக்கு முழுமையாய்த் திரும்பவில்லை. திரையிலே தளராத வீரராய் நின்றவரிடமும் நோய் தன் எச்சத்தை விட்டே சென்றது. மூட்டை சுமந்தவரிடம் மட்டும் அது எதனையும் விட்டுச்செல்லலாகாது என எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

செய்யத்தக்கவை எளியன. கடினமான வேலையைத் தெம்புள்ள வேளையில் வைத்தல், இடையிடையே ஓய்தல், நாளுக்குச் சிறிது நடத்தல், ஓய்வு வேளையில் இரைச்சலைக் குறைத்தல் ஆகியன பயன்தரும். இரத்தச்சோகையும் உறக்கக் குறைபாடும் சில மருந்துகளும் களைப்பைப் பெருக்கக்கூடும். அவற்றையும் உளச்சோர்வையும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலே கட்டணமின்றிக் காட்டிக்கொள்ளலாம். அதற்குமுன், "களைப்பாயிருக்கிறது" என அவர் சொல்லும்போது வீட்டார் அதை நம்புதல் வேண்டும்.