காற்றைப் பிடிக்குமுன்

தாயில்பட்டியில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று ஓயாது வீசும். இவ்வாண்டு எங்கள் பிள்ளைகள் கேட்டது காகிதப் பட்டம் அன்று. ஆளையே இழுத்துச் செல்லும் பெரும் பட்டம். இராமேசுவரத்துக்கு அருகே பிரப்பன்வலசைக் கடலில், அத்தகைய பட்டத்தைப் பிடித்தபடி பலகையில் நின்று நீர்மேல் விரைகிறார்கள்.

பட்டாசுத் தொழிலில் வாழும் குடும்பங்கள் நாங்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள். ஆகவே, ஒழுங்கைப் பற்றியே முதலில் பேசினோம்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். கற்கத் தொடங்குவோருக்கு 2 சதுர மீட்டர்ப் பட்டமும் மிதமான காற்றும் போதும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கையில், பட்டம் நேர் எதிரே தாழப் பறந்தால் இழுவை மிகும். தலைக்கு மேலே நின்றால் குறையும். முதலில் பழக வேண்டியது பறக்கவிடுவதை அன்று, கைவிடுவதை. கைப்பிடியை விட்டதும், மணிக்கட்டில் பூட்டிய பாதுகாப்பு வார் பட்டத்தை மடக்கித் தரையில் இறக்கிவிட வேண்டும்.

நீர் வற்றிய கண்மாயே ஏற்ற இடம். ஆயினும் அருகில் மின்கம்பியோ, சாலையோ, பட்டாசு ஆலையோ இருத்தலாகாது. ஈரக் கயிறு மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கவசமும், உடன் ஒரு பெரியவரும் கட்டாயம்.

தவக்கல் என்பது முன்னெச்சரிக்கையைக் கைவிடுவதன்று எனப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அஸர் தொழுது புறப்பட வேண்டும். மஃரிபுக்குள் கயிற்றைச் சுற்றிவிட வேண்டும். “இன்று காற்று மிகுதி, வேண்டாம்” என்று அவர்களே சொல்லும் நாளில் அடுத்த பாடம் தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.