‘ஓ’வா, பூஜ்யமா?

கார் வைப்பருக்கு அடியில் ஒரு உறை செருகியிருந்தது. முதலில் பார்த்தவர் அப்பாதான். ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து எடுத்து மகளிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. அபராதம் 35 டாலர். காரணம், பணம் கட்டாமல் நிறுத்தியது.

“கட்டினோமேம்மா! என் கண் முன்னாடிதானே கட்டினே?”

அமெரிக்காவில் பிஹெச்.டி. படிக்கும் மகளைப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார் அவர். தாலுகா ஆபீஸில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. அதனால் அன்று தோழியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய், பல்கலைக்கழக நூலகத்தை ஒட்டிய பார்வையாளர் பார்க்கிங்கில் நிறுத்தினாள் மகள். அங்கே டோக்கன் கிழித்துக் கொடுக்க ஆள் கிடையாது. போனில் ஆப்பைத் திறந்து, கார் நம்பரைத் தட்டி, மணிக்கு 2 டாலர் கட்ட வேண்டும். பின்பக்கம் போய் நம்பரைப் படித்துச் சொன்னவர் அப்பா.

வீட்டுக்கு வந்து ரசீதையும் அபராதச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம்பரின் நடுவில் ஒரு பூஜ்யம். நம் ஊரில் போன் நம்பர் சொல்கிற பழக்கத்தில் அதை “ஓ” என்று படித்திருக்கிறார். அவளும் ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டாள். ரோந்து வண்டியில் இருக்கும் கேமரா, நம்பர் பிளேட்டைப் படித்துப் பணம் கட்டியவர்களின் பட்டியலோடு ஒப்பிடும். அதற்கு ‘ஓ’ வேறு, பூஜ்யம் வேறு. இயந்திரத்தைக் குறை சொல்லவும் வழியில்லை.

“நானே கட்டிடறேம்மா” என்று பர்ஸை எடுத்தார். 35 டாலரை மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது.

மகள் தடுத்தாள். பணத்தைக் கட்டிவிட்டால் அங்கே முறையீடு செய்ய முடியாது. கட்டாமல், முறையிடாமல் அப்படியே விட்டால் தோழியின் கணக்கில் ஏறும். பட்டம் வாங்கப் போகிற நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வீண் சிக்கல். முறையிட 10 நாள் கெடு.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினாள். ஸ்காலர்ஷிப்பில் காலம் தள்ளுகிற மாணவி, வயதான அப்பா, அவருடைய முழங்கால், அநியாயம், மனிதாபிமானம் என்று ஒரு முழுப் பக்கம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இந்த மாதிரி மனு ஆயிரம் பார்த்திருக்கேன். படிக்கிறவன் மேஜையில இதுக்கு முன்னாடி நாற்பது இருக்கும். அவனுக்கு வேண்டியது தேதி, நேரம், நம்பர், ரசீது. நம்ம தப்பு எதுன்னு முதல் வரியில நாமளே சொல்லிடணும்.”

“ஒத்துக்கிட்டா தள்ளுபடி பண்ணிடுவாங்கப்பா.”

“மறைச்சாத்தான் பண்ணுவான். பணம் போய்ச் சேர்ந்திருக்கு, எழுத்து ஒண்ணுதான் தப்பு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

ஐந்தே வரியில் மனு முடிந்தது. கூடவே ரசீதின் ஸ்கிரீன்ஷாட், நம்பர் பிளேட்டின் போட்டோ. அனுப்பியாயிற்று.

அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னார். பட்டாவில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். மூன்று தடவை மனுவைத் திருப்பிக் கொடுத்தாராம். மூன்றாவது தடவை அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியும்மா. எங்க தெருமுனையில கீரை வித்தவங்க.”

“அப்புறம் என்னாச்சுப்பா?”

“அப்புறம் வரல.”

எட்டாம் நாள் பதில் வந்தது. அபராதம் எச்சரிக்கையாக மாற்றப்படுகிறது, எதுவும் கட்ட வேண்டாம், மறுபடி இதே தவறு நடந்தால் சலுகை கிடையாது. மகள் துள்ளிக் குதித்தாள். அப்பா அந்த மெயிலை இரண்டு முறை படித்தார்.

“ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடு.”

எதற்கு என்று கேட்டாள். பதில் இல்லை. எடுத்துக் கொடுத்ததை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி நூலகம், மறுபடி அதே இரவல் கார். கேட்காமலே பின்பக்கம் போய் நின்று, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தார் அப்பா. நடுவில் வந்ததும் குரலை உயர்த்தினார்.

“சைபர்!”

“என்னப்பா?”

“சைபரும்மா. எழுத்து இல்ல. முட்டை, முட்டை!”