பெல்ஜியத் தடத்தில் ஒளித்த பெட்டிகள்

ஜேர்மனியின் ஆகன் நகரில் ரோத்தே ஏர்டே நிலையத்துப் பக்கமிருந்து தெற்கே ஒரு சைக்கிள் பாதை புறப்படுகிறது. பெயர் ஃபென்பான். 125 கிலோமீட்டர் ஓடி, பெல்ஜியத்தைக் கடந்து, லக்சம்பேர்க்கின் வடக்கு மூலையில் ட்ருவாவியெர்ஜ் என்ற சிற்றூரில் முடிகிறது. 1880களில் பிரஷ்யா போட்ட ரயில் பாதை இது. ஆகன் பக்கத்து நிலக்கரி தெற்கே போனது, லக்சம்பேர்க்கின் இரும்புத்தாது வடக்கே வந்தது. ரயில் நின்று, தண்டவாளமும் போய், 2013இல் முழுத் தடமும் சைக்கிள் பாதையாகத் திறந்தது. ரயில் ஏறுவதற்கென்று வெட்டிய சரிவு என்பதால் மலைப்பகுதியிலும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

இந்தத் தடத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின் ஒய்ப்பன், மல்மெடி பகுதிகள் ஜேர்மனியிடமிருந்து பெல்ஜியத்துக்குப் போயின. அந்த ஊர்களை இணைத்த ரயில் பாதையோ இடையிடையே ஜேர்மன் நிலத்தில் ஓடியது. பாதையும் பெல்ஜியத்துக்கே என்று முடிவாயிற்று. அதனால் ரோட்கன், மொன்ஷாவ் பக்கத்தில் சைக்கிள் உருளும் ஒடுங்கிய துண்டு பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜேர்மனி. தடத்துக்கு மேற்கே அகப்பட்ட ஜேர்மன் நிலங்களில் ஐந்து துண்டுகள் இன்றும் தனித்துக் கிடக்கின்றன. அவற்றில் ரூக்‌ஷ்லாக் என்பது ஒரு வீடும் அதன் வளவும்தான்.

நான் ஜேர்மனிக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அகதி வழக்கு முடியும்வரை ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த நகரத்தில் மச்சானின் கலியாணம் என்றாலும் அலுவலகத்தில் கடிதம் வாங்கவேண்டும். எல்லை என்ற சொல் அந்த வருடங்களில் எனக்கு வயிற்றில் இருந்தது. இன்று ஒரு ஞாயிறு காலையில், சாப்பாட்டுப் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் எல்லையைக் கடந்து கடந்து போகிறேன். இந்தச் சுதந்திரத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதே மாவட்டங்களில் இன்றும் அகதி வழக்கோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒளித்த பெட்டிகளை ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் மகள். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. சில மீற்றருக்குள் ஓர் இடத்தைக் காட்டுவது சாதாரண மக்களுக்கும் சாத்தியமாயிற்று. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதிவிட்டார். அதிலிருந்து உலகமெங்கும் ஒளித்தலும் தேடலும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீற்றர் இடைவெளி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பவை முக்கியமான விதிகள். பழைய ரயில் தடம் இதற்கென்றே செய்தது மாதிரி. கல்மதகு, மேடையின் ஓரம், கைகாட்டிக் கம்பம், கிலோமீற்றர் கல் என்று ஒளிக்க எத்தனையோ இடம்.

ஜேர்மனியில் அதிகம் அகப்படுவது பெட்லிங். சோடாப் போத்தலாக ஊதுவதற்கு முன் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய் அது, நடுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. திருகு மூடியைக் கழற்றினால் உள்ளே சுருட்டிய கடதாசிப் பட்டி, விரலுக்கு எட்டாது. மகள் இதற்கென்றே புருவம் பிடுங்கும் சாமணம் ஒன்றைச் சைக்கிள் பையில் வைத்திருக்கிறாள். பட்டியை இழுத்து, பெயரும் திகதியும் எழுதி, இறுகச் சுருட்டித் திரும்ப வைக்கவேண்டும். எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே.

ரோட்கனுக்குக் கிட்ட ஒரு கல்மதகில்தான் நான் முதன்முதல் நின்றுபோனேன். கைபேசி இடத்தைக் காட்டுகிறது. கல்லிடுக்கு கறுப்பாக இருக்கிறது. கை போகவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு வழியில் கிடக்கும் பெட்டியைத் தொடாதே, தெரியாத பொந்தில் கை வையாதே என்பது பாடமாக அல்ல, உடம்பாகவே ஆனது. மிதிவெடியும் வெடிக்காத ஷெல்லும் கிடந்த மண். 1990இல் யாழ்தேவி ரயில் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பிவந்தது. அதற்குப் பிறகும், அந்தப் பாதை போகும் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது.

மகள் பக்கத்தில் குந்தினாள். “அப்பா, கையை விடுங்கோ. எத்தினை பேர் எடுத்து வைச்ச இடம் தெரியுமோ?”

அவள் சொன்னது உண்மை. பட்டியை விரித்தபோது கெல்ன், மாஸ்ட்ரிக்ட், லியேஜ் என்று ஊர் ஊராகக் கையெழுத்து. ஒருவரை ஒருவர் காணாத ஆட்கள், அடுத்தவன் கெடுதல் வைத்திருக்கமாட்டான் என்ற நம்பிக்கையில் அந்த இருட்டுக்குள் கை விட்டிருக்கிறார்கள். இந்தத் தடத்தின் பக்கத்திலேயே ஹிட்லர் காலத்துச் சீமெந்துத் தடைகள் பாசி பிடித்து வரிசையாக நிற்கின்றன. 1944 செப்டெம்பர் 12ஆம் திகதி அமெரிக்கப் படை ரோட்கனைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து ஹூர்ட்கன் காட்டிலும் மிதிவெடிதான் கிடந்தது. அப்படிப்பட்ட மண்ணில் பிள்ளைகள் இப்போது பொந்துக்குள் கை விட்டு விளையாடுகிறார்கள் என்பது எனக்குச் சின்ன விசயம் அல்ல. விளையாட்டு என்று சிரிக்கும் நண்பர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எங்களுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. இடத்துக்குரியவரிடம் அனுமதி கேட்டு, 161 மீற்றர் அளந்து வைத்தோம். இலையுதிர் காலத்தில் ஈரம் ஏறும், போய்ப் பட்டி மாற்றவேண்டும். அதை மதகிலோ பொந்திலோ வைக்கவில்லை. குனிந்தால் கண்ணுக்குத் தெரியும், கண்ட பிறகே கை நீட்டலாம். மிகச் சுலபம், தேட ஒன்றுமில்லை என்று சிலர் குறை எழுதுகிறார்கள். மகளுக்கும் அதே எண்ணம்தான். இடத்தை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.